இணையப் பெயரை யாரிடம் பதிவது?

சிரம்பான், பகாவ், கோலப்பிலா தோட்டப்புறங்களில் கடை நடத்தும் நம்மவர் பலர் இணையத்திலும் பெயர்ப்பலகை மாட்ட விரும்புகின்றனர். அப்பலகைக்கு டொமைன் என்று பெயர். அது கிரயத்துக்குக் கிடைப்பதன்று. ஆண்டுக் கணக்கில் பதிந்து புதுப்பித்து வரவேண்டிய குத்தகையே. ஆதலால் பதிந்து கொடுப்பவர் நாணயமானவராக இருத்தல் வேண்டும்.

அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் நிறுவனத்தில் பணம் கட்டியும் பலருடைய பெயர்கள் புதுப்பிக்கப்படாமல் போயின. 2007இல் ஐகான் அமைப்பு அதன் அங்கீகாரத்தை ரத்துச் செய்தது.

நாம் கவனிக்க வேண்டியவை மூன்று:

1. டாட் காம் பெயராயின் ஐகான் பட்டியலிலும், டாட் எம்ஒய் பெயராயின் மைநிக் பட்டியலிலும் அவர் இருக்கிறாரா?

2. முதலாண்டுக் கட்டணம் இருக்கட்டும். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு? வேறிடம் மாற்றக் கேட்டால் தடையின்றி விடுவாரா?

3. உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் நம்முடையவையா? தளம் அமைத்துத் தரும் தம்பி தம் பெயரில் பதிந்துவிட்டால், நாம் உழைத்துத் தேடிய பெயர் பதிவேட்டில் அவருடையதாகவே நிற்கும்.

கடைச் சாவியை அந்நியரிடம் விட்டுவைப்போமா? பதிவுச் சான்றையும் கடவுச்சொல்லையும் பேரேட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவோமாக.