குடியை விட்டவரும் மூளையின் மதகும்

குடியை விட்ட ஒருவர், குறுவை அறுவடைக் கூலி கைக்கு வந்த அன்றே மீண்டும் குடித்துவிட்டால், மனவுறுதி அற்றவர் என்று ஊரார் இகழ்வது வழக்கம். மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்த அறிஞர்கள் வேறொரு காரணமும் கூறுகின்றனர்.

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி ஆசையை அடக்க உதவுகிறது. அது வாய்க்காலின் மதகு போன்றது. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தக் கருவிக்குள் படுத்திருப்பவர், ஒரு குறியைக் கண்டதும் பொத்தானை அழுத்தவேண்டும். மற்றொரு குறி தோன்றினால் அழுத்தாமல் கையை அடக்கவேண்டும். அப்போது மூளையில் இரத்த ஓட்டம் மாறும் இடங்களைக் கருவி காட்டும். நெடுங்காலம் குடித்தவர் பலரிடம் இப்பகுதியின் செயல் மாறுபட்டிருப்பது இவ்வாறு தெரியவந்தது. மதகு பழுதுற்றிருக்கிறது, ஆயினும் குடியாதிருக்கும் வாரங்களிலும் மாதங்களிலும் அது படிப்படியாகத் தேறுகிறது.

அதுவரை துணை வேண்டும். சென்னையில் 1980-இல் தொடங்கப்பெற்ற டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், பழைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியிலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்தது. அவ்வனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994-இல் கட்டுரையாக வெளியிட்டார். பட்டணம் செல்லாமல் தம் மக்களிடையே குணமடைவதே இம்முறையின் சிறப்பு.

பஞ்சாயத்து அங்கத்தினர் கவனிக்க வேண்டியவை:

1. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். டாக்டரின் மேற்பார்வையிலேயே நிறுத்தச் செய்யவேண்டும்.

2. அவர் சம்மதித்தால், கூலியை வீட்டாரிடம் அளிக்கலாம்.

3. திருவிழாவிலும் துக்க வீட்டிலும் எவரும் அவருக்கு மது நீட்டலாகாது.

4. தவறினால் இகழாமல் மீண்டும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

உடைந்த மதகை ஊர் கூடிச் செப்பனிடுகிறோம். இதற்கும் அவ்வாறே ஊர் கூடவேண்டும்.