வெகுளிக் கட்டத்தில் மாணவிகள் எழுதியது

தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்ப்பாட்டியலில் இவற்றை வகுக்குமிடத்தில், இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்ற பிரிவினை இல்லை. களவியலில்தான் பெருமையும் வலிமையும் ஆண்பாலுக்கும், அச்சமும் நாணமும் மடமும் பெண்பாலுக்கும் உரியனவாகச் சொல்லப்படுகின்றன. அங்கும் மூன்றுதான்; பயிர்ப்பைச் சேர்த்து நான்காக்கியது பின்வந்த வழக்கு. நாமோ எட்டைத் தேர்வுக்குப் படித்து மறந்துவிட்டு, நான்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம்.

செண்பகனூரில் எட்டாம் வகுப்புக்கு இந்த எட்டையும் ஒரு செயல்பாடாக்கினேன். ஆளுக்கொரு தாள், எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள்: கடைசியாக எப்போது இப்படி உணர்ந்தாய்? அப்போது என்ன செய்தாய்? பெயர் வேண்டாம், மாணவனா மாணவியா என்று மட்டும் குறித்தால் போதும். ஒரு பாடவேளைக்குத் திட்டமிட்டது மூன்று பாடவேளைகளுக்கு நீண்டது.

அச்சத்துக்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று விலங்கு. எங்கள் மலையில் மாலையானால் காட்டுமாடு சாலையில் வந்து நிற்கும். பெரியவர்களே ஒதுங்கித்தான் போவார்கள். மாணவிகள் பலர் அதை எழுதியிருந்தார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். காட்டுமாடு என்னவோ ஆண், பெண் பார்த்து வழிவிடுவதில்லை.

வெகுளிக் கட்டத்தில் மாணவிகள் காரணங்களைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். தம்பி சாப்பிட்ட தட்டையும் நானே கழுவ வேண்டும். வயதுக்கு வந்தபின் கபடிக்கு அனுப்பவில்லை. கேரட் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் ஒரே நேரம் வேலை செய்தாலும் அம்மாவுக்குக் கூலி குறைவு. ஆனால், ‘அப்போது என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்குக் கீழே திரும்பத் திரும்ப ஒரே சொல்: ‘அழுதேன்’. மாணவர்களின் அழுகைக் கட்டத்திலோ ‘கதவை உதைத்தேன்’, ‘சண்டை போட்டேன்’. கோபம் வந்தால் அவளுக்கு அழத்தான் தெரிகிறது. அழுகை வந்தால் அவனுக்குச் சண்டை போடத்தான் தெரிகிறது.

பார்க்கிற நம் கண்ணுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற ஆய்வாளர்கள் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெட்டியிலிருந்து திடீரென எழும்பும் பொம்மையைப் பார்த்து ஒரு கைக்குழந்தை கலங்குகிறது. அதே படக்காட்சிதான், பார்ப்பவர்களில் சிலரிடம் ஆண் குழந்தை என்றும், சிலரிடம் பெண் குழந்தை என்றும் சொல்லப்பட்டது. ஆண் என்று நம்பியவர்கள் அதைக் கோபம் என்றே அதிகம் குறித்தார்கள். பெண் என்று நம்பியவர்கள் பயம் என்றார்கள். வெகுளியும் அச்சமும் குழந்தையின் முகத்தில் மட்டுமல்ல, பார்ப்பவர் மனத்திலும் இருக்கின்றன. வகுப்பில் எதிர்த்துக் கேட்கும் மாணவனை ‘துணிச்சல்காரன்’ என்றும், மாணவியை ‘வாயாடி’ என்றும் சொல்கிறோமே, அதுவும் இதே கதைதான்.

வெகுளிக்குத் தொல்காப்பியர் தரும் காரணங்கள் நான்கும் (உறுப்பறை, குடிகோள், அலை, கொலை) ஒருவர் இழைக்கும் தீங்குகள். ‘இது அநியாயம்’ என்று மனம் அறிந்துகொள்ளும் வழிதான் கோபம். அதை முளையிலேயே கிள்ளிவிட்டு, 1098 எண்ணைச் சுவரில் எழுதி வைக்கிறோம். எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று முதல் வகுப்பிலிருந்து பாராட்டு வாங்கிய மாணவி, தன் உடலைத் தவறாகத் தொடுபவரிடம் ‘கையை எடு’ என்று சொல்லும் குரலை எங்கிருந்து எடுப்பாள்?

பெருமிதக் கட்டமும் யோசிக்க வைத்தது. பெருமிதம் பிறக்கும் இடங்களில் தொல்காப்பியர் முதலில் வைப்பது கல்வி. மாணவிகள் பலர் எழுதியதோ அண்ணனுக்கு வேலை கிடைத்ததையும் அப்பா வீடு கட்டியதையும். 2017இல் சயின்ஸ் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வின்படி, ஐந்து வயதுச் சிறுமிகள் ‘மிக மிகப் புத்திசாலி’ யார் என்று கேட்டால், சிறுவர்களைப் போலவே தம் பாலினரையே காட்டுகிறார்கள். ஆறு, ஏழு வயதில் அது குறைகிறது. நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள் சிறுமிகள்தான் என்று ஒப்புக்கொள்ளும் வயதும் அதுதான்! பொதுத்தேர்வுகளில் ஆண்டுதோறும் மாணவிகள் முந்தும் தமிழ்நாட்டில், ‘அவள் உருப்போட்டு எழுதுவாள், அவனுக்கு மூளை’ என்ற பேச்சு ஆசிரியர் அறையில் கேட்பதில்லையா?

கூலி பற்றிய தாளை எடுத்துக்கொண்டு, எழுதியவர் யாரென்று தெரியாதபடி ‘ஒரு தோட்டத்தில்’ என்று மாற்றி, கடிதப் பயிற்சியாக வைத்தேன். சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குக் கோபம், காரணம் இது, நான் கேட்பது இது: இந்த மூன்று வரிகள் ஒவ்வொரு கடிதத்திலும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. மாணவர்களும் எழுதினார்கள். சிலர் தம் அம்மாவின் கூலியை அன்றுதான் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு குறிப்புகள். தொடக்க வகுப்புகளில் எழுதச் சொல்ல வேண்டாம். முகங்களை வரையச் சொன்னாலே போதும். மேல் வகுப்புகளில் தாள்களை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். கையெழுத்தை மாணவர்கள் நம்மைவிட வேகமாக அடையாளம் காண்பார்கள். ஆபத்தின் சாயல் தெரியும் தாள் கைக்கு வந்தால், அன்றே தலைமையாசிரியரிடம் தெரிவித்து 1098ஐ அழையுங்கள்.