‘வாழ்த்துக்கள்’ பிழையா?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு ஏறியதும் ஒரு பழைய வழக்கும் உயிர்பெறும். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினால் அது குடிக்கும் கள்ளாகிவிடும், ‘வாழ்த்துகள்’ மட்டுமே தமிழ் என்பது பலரின் நம்பிக்கை. வேடிக்கைக்குச் சொன்னால் சிரிக்கலாம்; இலக்கணமாகச் சொன்னால் நிற்காது. பூக்கள், பசுக்கள், தெருக்கள் என்று எழுதும்போது எவருக்கும் போதை ஏறுவதில்லையே. ‘வாழ்த்து’ வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். வாழ்த்துப்பா, எழுத்துப்பிழை எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த விதியைப் பன்மைக்கும் நீட்டியவர்கள் ‘க்’ போட்டார்கள். ‘கள்’ வெறும் விகுதி, சொல்லோடு சொல் புணரும் விதி அதற்கு ஏன் என்று கேட்பவர்கள் போடவில்லை. எனக்கு இரண்டாவது வாதம்தான் பிடித்தது. அதனால் ‘எழுத்துகள்’ என்று எழுதுகிறேன். ஆனால் இரு தரப்பிலும் காரணம் இருக்கும் இடத்தில் ஒருவரைத் தமிழ் தெரியாதவர் என்பது அடாவடி. ‘நாள்கள்’, ‘நாட்கள்’ சண்டையும் இந்த ரகமே.

அப்படியானால் ஒற்று இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை. தேக்கா சந்தையில் ‘கீரைக் கடை’ என்றால் வாங்கப் போகலாம். ‘கீரை கடை’ என்றால் மத்தைத் தேட வேண்டும். இங்கே ஒற்று பொருளையே மாற்றுகிறது. பொருள் மாறிவிடுமோ என்ற பயத்தில் பிறந்த இன்னொரு நம்பிக்கை, சந்தேகம் வந்தால் ஒற்றைப் போட்டுவிடுவது பாதுகாப்பு என்பது. ‘வந்தப் பேருந்து’, ‘எழுதியக் கடிதம்’, ‘ஊறுக்காய்’ எல்லாம் அந்தப் பாதுகாப்பின் விளைவுகள். வந்த, எழுதிய போன்ற பெயரெச்சங்களின்பின் வலி மிகாது (‘அழியாப் புகழ்’ போல ஈறு கெட்ட எதிர்மறை மட்டும் விலக்கு). ஊறுகாய் வினைத்தொகை; அங்கும் மிகாது. விட்டவரைப் பிடிக்கும் நம் கண், தேவையில்லாமல் சேர்த்தவரை அநேகமாக விட்டுவிடுகிறது. கூடுதல் ஒற்று படித்தவர் எழுத்துபோலத் தோன்றுவதால் இருக்கலாம்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் பொது இடத்துத் தமிழைக் கெடுப்பவை பெரும்பாலும் இந்தச் சந்திச் சிக்கல்களே அல்ல. 2014இல் லாவ் பா சாட் உணவங்காடிக்கான பலகையில் ‘சாட்’ ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கமாகக் கொள்ளப்பட்டு, தமிழில் ‘சனி’ வந்து உட்கார்ந்தது. ஹொக்கியன் பெயரில் ‘பா சாட்’ என்பது சேர்ந்தே சந்தையைக் குறிப்பது. நம் ஊரில் சனி என்றாலே வேறு கவலை வேறு! மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் தெரியாது என்று இதை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் 2017 தேசிய தின அணிவகுப்புத் துண்டுப்பிரசுரத்தில் நடந்தது வேறு: எழுத்துகளே குலைந்து அச்சாகின, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். இத்தகைய குலைவு எப்படி நேரும் என்பது கணினித் தமிழில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரமாகவும் அடுத்து ஒற்றைக் கொம்பாகவும் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. தமிழை அறியாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு பின்னாலேயே தங்கிவிடும், புள்ளி இடம் மாறும். மொழிபெயர்ப்பு பிழையின்றி இருந்தாலும் பலகை பிழையாகும். 1997இல் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாடு நடத்திய ஊரில் இது நடப்பதுதான் வருத்தம்.

ஒற்றை விடுபவர் நாளை எழுத்தையே விடுவார், சிறு பிழையிலேயே கண்டிக்க வேண்டும் என்பார்கள். பள்ளி மாணவனின் கட்டுரைக்கு அது பொருந்தும். ஆனால் பலகைப் பிழை, ஒற்றுப் பிழை வளர்ந்து வருவதல்ல. மொழிபெயர்ப்பாளரின் கையை விட்டுப் போன கோப்பை, அச்சுக்குமுன் தமிழ் படிக்கும் யாரிடமும் காட்டாததால் வருகிறது. மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துவிட்டோம் என்ற பதில் இங்கே போதாது. பார்க்க வேண்டியது அச்சுக்குப் போகும் இறுதிப் படியை.