உறங்காத கணினியும் விழிக்காத கணினியும்

கணக்கு ஒழுங்காக இருந்தால் சங்கம் ஒழுங்காக இருக்கும் என்பது கூட்டுறவாளர் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை. திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அந்நாளில் கணக்கெல்லாம் பேரேட்டில் அடங்கியிருந்தது. இன்று கணினிக்குள் புகுந்துவிட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றுக்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகவே கணினியின் குணத்தை அறிவது காரியதரிசிக்கு மட்டுமன்றி, அங்கத்தினர் அனைவருக்கும் அவசியமாகும்.

பாரிவாக்கத்தில் ஒரு சங்க அலுவலகம் இருப்பதாக மனத்திற் கொள்வோம். அங்கத்தினர் ஒருவர் கடன் தவணையைச் செலுத்தி, கையால் எழுதிய ரசீதையும் பெற்றுச் செல்கிறார். காரியதரிசி அதனைக் கணினியில் பதியத் தொடங்குகிறார். பாதியில் வேறு அலுவல் அழைக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் திரை இருண்டிருக்கிறது, தட்டினாலும் விழிக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். பாதிப் பதிவு மறைந்துவிட்டது. ரசீது அங்கத்தினரிடம் இருக்கிறது; கணக்கிலோ தவணை இல்லை. இதனால் விளையும் அபராத வட்டி யார் தலையில் விழும்?

1. உறக்கம் என்பது யாது?

கணினியில் நினைவகம், வட்டு என இரண்டு உண்டு. மின்சாரம் உள்ளவரையில்தான் நினைவகம் தன்னிடமுள்ளதைக் காக்கும். மின்சாரம் நின்றாலும் வட்டு காக்கும். 'ஸ்லீப்' என்னும் உறக்கத்தில் திரை முதலியவை ஓய்ந்திருக்க, நினைவகத்திற்குச் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். 'ஹைபர்னேட்' என்னும் ஆழ்ந்த உறக்கத்தில், நினைவகத்தில் உள்ளவை வட்டில் எழுதப்பட்ட பின்னரே மின்சாரம் நிற்கும். ஆகவே முதல்வகை உறக்கத்தின்போது மின்தடை நேர்ந்தால், சேமிக்கப்படாத பதிவு அழிந்துபோகக்கூடும்.

இவ்வுறக்கத்திற்கான பொது விதிகளை இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டில் வகுத்தளித்தன. இயக்க முறைமை, தாய்ப்பலகை, இணைப்புக் கருவிகள் ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால்தான் உறக்கமும் விழிப்பும் செவ்வனே நிகழும். ஒன்று ஒத்துழையாவிடினும் காரியம் கெடும். இது கூட்டுறவாளர்க்குப் புதிய செய்தியன்று.

2. உறங்க மறுத்தால்

படமோ பாட்டோ ஓடிக்கொண்டிருக்கலாம்; பிறிதொரு கணினி நம் கணினியிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம். தடுப்பது யாதெனக் கணினியையே வினவலாம். விண்டோஸ் கணினியில் 'கமாண்ட் பிராம்ப்ட்' சாளரத்தை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பி, ஓ, டபிள்யூ, இ, ஆர், சி, எஃப், ஜி என்னும் எட்டு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து எழுதி, இடம்விட்டுச் சாய்கோடிட்டு, 'ரிக்வெஸ்ட்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால், தடுக்கும் நிரலின் பெயரோ கருவியின் பெயரோ தோன்றும்.

3. தானே விழித்தால்

மேசை அசைய, மவுஸ் கணினியை எழுப்பிவிடும், வலையட்டையும் எழுப்பக்கூடும். மேற்கூறிய கட்டளையில் 'ரிக்வெஸ்ட்ஸ்' என்பதற்குப் பதிலாக 'லாஸ்ட்வேக்' என்று இடைவெளியின்றி எழுதினால், கடைசியாக எழுப்பியது எதுவென்று பெரும்பாலும் தெரியும். 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் அக்கருவிக்குரிய எழுப்பும் அனுமதியை நீக்கிவிடலாம். விசைப்பலகைக்குரிய அனுமதியை மட்டும் விட்டுவைத்தல் நலம்.

4. விழிக்க மறுத்தால்

உடனே மின்சாரத்தை நிறுத்தலாகாது. திரைக்கு மின்சாரம் வருகிறதா, கம்பி தளர்ந்துள்ளதா என்று முதலில் காண்க. பின்னர் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருங்கே அழுத்துக. திரையை இயக்கும் நிரல் புதிதாகத் தொடங்கும். அதுவும் பயனளிக்காவிடில் மட்டுமே, மின்பொத்தானைப் பத்து விநாடியளவு அழுத்திப் பிடித்து நிறுத்துக. அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால், திரைநிரலைப் புதுப்பித்தும், 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்தியும் பார்க்கலாம்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியையே மாற்றுவதில்லை; அறுந்த இழையைத் தேடி முடிகிறார். அவ்வாறே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டொரு நாள் கவனித்து, நேர்ந்ததைக் குறிப்பேட்டில் எழுதுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது விளங்காது.

5. சங்கத்தின் கடமை

உறங்கும் கணினி மூடப்பட்ட கணக்கன்று. இருக்கையை விட்டு எழுமுன் பதிவை முடித்துச் சேமிக்க வேண்டும். விழித்த கணினி கடவுச்சொல் கேட்கும்படி அமைக்க வேண்டும். இல்லையேல் காரியதரிசியின் பெயரில் பிறர் பதிவு செய்ய இடமுண்டாகும். மாலையில் ரசீதுப் புத்தகத்தையும் கணினிக் கணக்கையும் ஒப்புநோக்கிய பின்னர், கணினியை முறைப்படி நிறுத்த வேண்டும். இவற்றை நிர்வாகக் குழுவினர் தீர்மானமாகவே நிறைவேற்றுவது நன்று. அங்கத்தினரும் ரசீதைப் பத்திரப்படுத்தி, தம் கணக்கில் தவணை ஏறியதா எனக் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்பது சந்தேகமன்று. சங்கத்தின் உரிமையாளர் ஆற்றும் கடமையேயாகும்.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்:

(அ) இருவகை உறக்கத்திற்கும் உள்ள வேற்றுமை யாது?
(ஆ) நம் சங்கக் கணினி கடவுச்சொல் கேளாமல் விழிக்கிறதா?
(இ) நம் சங்கத்தில் ரசீதையும் கணக்கையும் நாள்தோறும் ஒப்புநோக்குபவர் யார்?