சொட்டுவதை அடைக்காதீர்கள்

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில், அம்மாவின் மூட்டு நோவுக்காக 50 லீற்றர் மின் சுடுநீர்க் கொதிகலன் ஒன்று பூட்டினோம். சூடேறும்போதெல்லாம் அதன் அடியிலிருந்த பித்தளைக் குழாயிலிருந்து நீர் சொட்டியது. “தண்ணி வீணாப் போகுது, பிள்ளை” என்று அம்மா குறைப்பட, குழாய் வேலைக்கு வந்தவர் அதன் வாயை மூடியால் இறுக்கி அடைத்துவிட்டார். பத்து நாள் கழித்தே நான் கண்டேன். உடனே மின்னை நிறுத்தினேன்.

மாணவிகளே, அது பழுதால் வந்த ஒழுக்கு அல்ல. 25 பாகை செல்சியசில் உள்ள 50 லீற்றர் நீரை 75 பாகைக்குச் சூடாக்கினால் அது 51 லீற்றருக்குச் சற்று மேலாகப் பெருகும். திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. வந்த வழியே திரும்பவும் ஒருவழி வால்வு விடாது. மிஞ்சும் நீரை வெளியே விடுவதே அந்தப் பாதுகாப்பு வால்வின் வேலை.

வழமையாக 75 பாகையளவில் மின்னை நிறுத்த வெப்பநிலைச் சீராக்கி உண்டு. அது பழுதானால் மின்னைத் துண்டிக்க இன்னொரு ஆளி உண்டு. இரண்டும் கைவிட்டால் எஞ்சுவது வால்வு மட்டுமே. அதையும் அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறும். நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். தாங்கி பிளக்கும் கணத்தில் அந்நீரின் ஒரு பங்கு சட்டென ஆவியாகும். ஒரு லீற்றர் நீர் முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லீற்றர் இடம் பிடிக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1803இல் இலண்டனருகே கிறீனிச்சில் றிச்சாட் றெவிதிக்கின் நீராவிக் கொதிகலன் வெடித்து நால்வர் இறந்தனர். பார்த்துக்கொள்ள விடப்பட்ட சிறுவன் விலாங்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். பாதுகாப்பு வால்வோ திறக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தது. அதன்பின் றெவிதிக் இரண்டு வால்வுகள் வைத்தார். நீர் குறைந்து சூடு மிஞ்சினால் உருகி ஆவியை வெளியே விடும் ஈயச் செருகியும் அவர் சேர்த்ததே. எங்கள் வீட்டு வேலைக்காரரும் அந்த நாளில் நடந்ததையே செய்தார், நல்லெண்ணத்தோடு!

யாழ்ப்பாணத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைக் கல் வால்வின் வாயிலும் படிந்து, யாரும் அடைக்காமலே அதை அடைத்துவிடும். ஆகவே பெற்றோரே, மாதம் ஒருமுறை மின்னை நிறுத்தி, நீர் ஆறியபின் வால்வின் நெம்பை உயர்த்திப் பாருங்கள். நீர் பாயவேண்டும், பாயாவிட்டால் வால்வை மாற்றும்வரை மின்னைப் போடவேண்டாம்.

எங்கள் மூடியைக் கழற்றியாயிற்று. அம்மா இப்போது சொட்டுக்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார். அந்தத் தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகிறது.