வாரியம் கேட்காத கேள்வி

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்றொரு முறை இருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். ஆனால் நிர்வாகம் மக்கள் தேர்ந்தெடுத்த கல்விக் குழுவிடம் இருக்காது. ஒப்பந்தம் பெற்ற அமைப்பின் வாரியம், தானே அமைத்துக்கொண்ட வாரியம், அதை நடத்தும். டெக்சாஸில் இப்படி வளர்ந்த ஐடியா பள்ளிகளின் வரலாற்றை இம்மாதம் பார்ப்போம்.

மெக்சிகோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு ஏழைகள் நிறைந்த பகுதி. அங்கே டோனா என்ற சிற்றூரில் டாம் டோர்கெல்சன், ஜோஆன் காமா என்ற இரு இளம் ஆசிரியர்கள் மாலை வகுப்பொன்று தொடங்கினார்கள். 2000இல் அது சுமார் 150 மாணவர்களோடு சார்ட்டர் பள்ளியானது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். பெரும்பாலானோர் போகவும் செய்தார்கள். இதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. பள்ளிகள் பெருகின, லூசியானாவிலும் திறந்தார்கள்.

2019 இறுதியில் தலைமைப் பயணங்களுக்குத் தனி விமானம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்க வாரியம் ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு அருகில் செலவு! செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகே கைவிட்டார்கள். கூடைப்பந்து அரங்கில் சொகுசு இருக்கைகளுக்குச் செலவிட்டதும் பேச்சானது. 2020இல் டோர்கெல்சன் விலகினார். கையில் 9 லட்சம் டாலர் விலகல் தொகை. அதற்கும் வாரியத்தின் ஒப்புதல்தான்.

கை தூக்கியவர்கள் தீயவர்கள் என்று நாம் கருதவில்லை. இவ்வளவு செய்த மனிதரிடம் 'இது எதற்கு?' என்று கேட்க நாக்கு எழும்புவதில்லை. டிரஸ்ட் கூட்டங்களில் அமர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கணக்கு கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. ஆனால் அந்தப் பணம் டோர்கெல்சனுடையதும் அல்ல, வாரியத்தினுடையதும் அல்ல. டோனாவின் பிள்ளைகளுக்கென்று ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அடுத்துத் தலைமைக்கு வந்தவர் காமா. 2021 மே மாதம், வெளியாரைக் கொண்டு செய்த தணிக்கைக்குப் பின், அவரையும் இன்னொரு மூத்த நிர்வாகியையும் வாரியமே நீக்கியது. நிதி சொந்த நலனுக்குத் திருப்பப்பட்டதற்குச் சான்றுகள் கிடைத்ததாக அது அறிவித்தது. 2024இல் டெக்சாஸ் கல்வித் துறை தன் கண்காணிப்பாளர்களை உள்ளே அமர்த்தியது. அப்போது அந்தப் பள்ளிகளில் சுமார் 80,000 பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.