இரு கண்ணும் ஒரு பார்வையும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களை அடுத்துள்ள ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களில் நம்மவர் வியாபாரம் செய்து வருகின்றனர். ஊசியில் நூல் கோப்பதும், படியேறி மேல்தட்டுச் சரக்கை எடுப்பதும், ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குச் சிந்தாமல் தே தாரிக் ஆற்றுவதும் எளிய வேலைகளாகவே தோன்றும். ஆனால் இவற்றுக்கெல்லாம் ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று கண் அளந்து சொல்லவேண்டும். இத்திறமையே ஆழப் பார்வை எனப்படும். விழித்திரை நோய் இதை எவ்விதம் கெடுக்கிறது என்பதே இப்பாடத்தின் விஷயம்.

ஆழம் தெரிவது எப்படி?

நம் இரு கண்களுக்குமிடையே சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆகவே ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறான கோணத்தில் காண்கிறது. விரலை மூக்குக்கு நேரே நீட்டிக் கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வதுபோல் தோன்றும். இந்த வேற்றுமையைக் கொண்டே மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதம், இரு கண்களால் காண்பதைப் பற்றித் தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். 1838ல் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன், சிறிது வேறுபட்ட இரு சித்திரங்களைக் கண்ணுக்கு ஒன்றாகக் காட்டி, ஆழம் தோன்றச் செய்து இதை நிரூபித்தார்.

நோய் செய்யும் வேலை

கண்ணின் உட்புறத்தில் ஒளியைப் பதியும் மெல்லிய படலமே விழித்திரை. சர்க்கரை வியாதி நீடித்தால் அதன் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியும், நடுப்பகுதி வீங்கும். ஒரு கண்ணின் படம் மங்கினாலோ கோணினாலோ, மூளையால் இரண்டையும் சரிவர இணைக்க முடிவதில்லை.

கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி சோர்ந்துவிட்டாலும் மற்றவர் உழைப்பினால் கடை நடந்துகொண்டிருக்கும். நஷ்டம் உடனே தெரியாது. கண்ணும் அப்படியே. நல்ல கண் பத்திரிகை படிக்கும், கல்லாவில் பணம் எண்ணும். நோயுற்ற கண்ணின் குறை மறைந்தே கிடக்கும். வலியும் இராது. கோப்பைக்கு வெளியே தேநீர் சிந்துவது, இறங்கும் படி தவறுவது போன்றவையே சில வேளை முதல் அறிகுறிகளாகும்.

ஒற்றைக் கண்ணாலும் தூரத்தை ஓரளவு ஊகிக்கலாம். பொருளின் அளவு, நிழல், ஒன்றை ஒன்று மறைப்பது ஆகியவை அதற்கு உதவும். ஆனால் மலையில் மூடுபனி இறங்கினால் இந்த அடையாளங்களும் மங்கிவிடும். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் சரக்கு வண்டி ஓட்டுவோர் இதை முக்கியமாய்க் கவனிக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

1. மாதம் ஒருமுறை, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பேரேட்டின் கோடுகளைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் அதை அணிந்தே பார்க்கவேண்டும். கோடுகள் வளைந்தோ விட்டுவிட்டோ தெரிந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

2. இச்சோதனையில் குறை தெரியாததால் நோயில்லை என்று எண்ணிவிடலாகாது. மலேசியாவின் 2023ம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் 15.6 சதவீதத்தினருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. இந்திய வம்சத்தினரிடையே இது இன்னும் அதிகம். இவ்வியாதி உள்ளவர்கள், கண் நன்றாய்த் தெரிந்தாலும், வைத்தியர் குறிக்கும் தவணை தவறாமல் விழித்திரையைப் படம் எடுத்துச் சோதித்துக்கொள்ளவேண்டும்.

3. லேசர் ஒளி, கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து, அறுவை சிகிச்சை என வைத்திய முறைகள் உள்ளன. எனினும் முற்றிலும் போனதை மீட்பதைவிட இருப்பதைக் காப்பதே எளிது. இரத்தத்திலுள்ள சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதே அடிப்படை.

4. பார்வை குறைந்தவர் உள்ள கடையில் படி விளிம்புகளுக்கு மஞ்சள் சாயம் பூசி, நல்ல விளக்கு வையுங்கள். தேநீர் ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கைக் கோப்பையின் விளிம்பில் தொடுத்து ஊற்றலாம்.

வருஷ முடிவில் சரக்கிருப்பை ஒவ்வொன்றாய் எண்ணிச் சரிபார்க்கிறோம். மொத்தமாய்ப் பார்த்துத் திருப்தியடைவதில்லை. இரு கண்களையும் அவ்வாறே தனித்தனியே கணக்குப் பார்ப்பது நம் கடமையாகும்.